நான்காவது கட்டம்

“எத்தனை வருஷம் விஜி?”

“மூணு, அத்தான்.”

“மூணுன்னா பரவால்லலா. தலையில கொஞ்சம் முடியாவது மிஞ்சும். அதுக்கு மேல போச்சுன்னா, மணவறையில நீயே என்னைப் பார்த்து ‘மாப்பிள்ளையோட சித்தப்பாவா?’ன்னு கேட்ப.”

போன வருடம் நிச்சயதார்த்தத்தன்று, காஜா பேராங்கில் இருந்த விஜயாவின் வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி தியாகு சொன்னது அது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில், நாக்கு நுனிவரை வந்திருந்த ‘நாலு’ உள்ளே போய்விட்டது.

மூன்று வருடத்தில் பட்டம் கிடைத்துவிடும். நன்றாகத் தேறியவர்களை மட்டும் நான்காம் வருடத்துக்கு எடுப்பார்கள். பௌதிகத்தை மட்டுமே படிக்கும் ஆனர்ஸ் வருடம். அவளுக்கு வேண்டியது அதுதான். பெண்கள் பள்ளியில் பௌதிகம் இல்லையென்று, ஆண்கள் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் முப்பது பையன்களுக்கு நடுவே இரண்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். ஆனால் அத்தானை இன்னும் ஒரு வருடம் காக்க வைப்பது எப்படி? ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் தியாகுவும் அவன் அம்மா சாரதாம்பாளும் புக்கிட் பாருவிலிருந்து வந்தார்கள். சாரதாம்பாள் விஜயாவின் அப்பா சேதுராமனுக்கு அக்கா. பசியாறி முடித்ததும் தியாகு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, அடிக்கோலும் பென்சிலுமாக உட்கார்ந்தான். பொதுப்பணி இலாகாவில் கட்டட வரைபடம் போடுகிறவன். விஜயாவின் படிப்பையும் வீடு கட்டுவதுபோலவே வரைந்தான்.

“முதல் வருஷம் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு. ரெண்டாவது வருஷம் பிசிக்ஸ், கணக்கு. மூணாவதும் அதேதான்.”

“கெமிஸ்ட்ரி எங்கே போச்சு?” என்றாள் சாரதாம்பாள்.

“முதல் வருஷத்தோட விட்டுடுவேன் அத்தை.”

“விடப்போறதை எதுக்குடி ஒரு வருஷம் படிக்கிற?”

சேதுராமனுக்குக் கோப்பி புரையேறியது. மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் தியாகு நான்காவது கட்டம் ஒன்று போட்டு, அதற்குள் இரண்டு வாழைமரங்களை வரைந்தான். கல்யாணம்! விஜயா அந்தக் கட்டத்தையே பார்த்தாள். தனக்கு வேண்டிய வருடத்தின்மேல் வாழைமரம் குலை தள்ளி நின்றது.

சாரதாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். “இப்பப் பத்தொன்பது. மூணு வருஷம் கழிச்சு... ஐயய்யோ, இருபத்திரெண்டு! சேது, இரட்டைப்படைடா!”

“அதனால என்னக்கா?”

“என்னவா? நம்ம வீட்டுல எந்தப் பொண்ணுக்கு இரட்டைப்படை வயசுல தாலி ஏறியிருக்கு? எனக்குப் பத்தொன்பது. உன் பொண்டாட்டிக்குப் பதினேழு.”

“அம்மா, பிசிக்ஸ் படிக்கப் போறவகிட்ட இதைப் போய்ச் சொல்றீங்களே!”

“பிசிக்ஸ்ல ஒற்றைப்படை, இரட்டைப்படை இல்லையா? பேசாம இருபத்தொண்ணுல முடிச்சிடுவோம்.”

“படிப்பு நடுவுல நின்னு போகும்க்கா. வேணும்னா இருபத்து மூணுல வச்சுக்குவோம்,” என்றார் சேதுராமன்.

“பட்டம் வாங்கிட்டு ஒரு வருஷம் வீட்டுல உட்கார்ந்து ஈ ஓட்டுவாளா? தியாகு, அந்த மரத்தை அழிச்சு ரெண்டாவது வருஷத்துக்குப் பக்கத்துல போடு.”

அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை, தயங்கித் தயங்கி ரப்பரை எடுத்தான். அது வாழைமரத்தைத் தொடப் போன சமயம், விஜயாவின் உள்ளங்கை தாளின்மேல் விழுந்தது. கோப்பிக் குவளைகள் குலுங்கின. மூன்று முகங்களும் நிமிர்ந்தன. அவள் ஒரு முகத்தை மட்டும் பார்த்தாள்.

“மரத்தை அழிக்காதீங்க அத்தான். ஒரு கட்டம் தள்ளிப் போடுங்க. நான் ஈ ஓட்ட மாட்டேன். மூணாவது வருஷம் நல்லாத் தேறினா, நாலாவது வருஷம் ஆனர்ஸ் படிக்கணும். அன்னிக்கு வாசல்லயே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். உங்க முடி போனாலும் நான் உங்களை அடையாளம் கண்டுபிடிச்சிடுவேன். எனக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பீங்களா?”