இடது குதிகால்

முகாமின் முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கே ஜெபகுமாருக்குப் பர்வேஸைப் பிடிக்காமல் போனது. அதுவரை அவனைப் பற்றி ஜெபகுமார் நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் நினைத்ததில்லை. ஒன்றரை வருடமாக அவன் யாரைப் பற்றியும் எதுவும் நினைத்ததில்லை.

சிட்லபாக்கத்தில், ஏரியை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடம். கோடை விடுமுறை. வகுப்பறை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பத்தெட்டு பேர் பாய் விரித்திருந்தார்கள். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை கராத்தே. ஞாயிறு மதியம் பிளாக் பெல்ட் தேர்வு. சவுரிமுத்து மாஸ்டரின் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியர் ஜோடி. தப்பு செய்வது ஒருத்தர், தண்டால் எடுப்பது இரண்டு பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஜெபகுமாருக்குப் பர்வேஸ் வந்தான்.

பர்வேஸுக்கு இருபத்திரண்டு வயது. அனகாபுத்தூர்க்காரன். பம்மலில் மாமாவின் பேக் கடையில் நிற்பவன். இந்தத் தேர்வில் தேறினால், மூடிக்கிடக்கும் பொழிச்சலூர் வகுப்பை அவனுக்கே தருவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்த வகுப்பை முன்பு நடத்தியவள் ஜீவிதா, ஜெபகுமாரின் மனைவி. போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் டெங்கு வந்தது. ஐந்தே நாள்.

“கட்டா போடு, பார்க்கலாம்” என்றான் ஜெபகுமார்.

கட்டா என்பது எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகப் போடும் அடவு வரிசை. அடியும் தடுப்பும் திரும்பலும் இம்மி பிசகாமல் வர வேண்டும். பர்வேஸ் நன்றாகவே போட்டான். நடுவில் பின்பக்கம் திரும்பும் இடம் வந்தது. திரும்பும் முன் அவனுடைய இடது குதிகால் எழும்பித் தரையில் இரண்டு முறை தட்டியது. அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைப்பவர்கள் தட்டுவார்களே, அப்படி.

அந்தக் கட்டாவில் அப்படியொரு அசைவு கிடையாது. அது ஜீவிதாவினுடையது. அது தப்பென்று எத்தனையோ முறை ஜெபகுமார் அவளிடம் சொல்லியிருக்கிறான். “என் கால், நான் தட்டறேன். உங்களுக்கென்ன?” என்று சிரிப்பாள்.

“திரும்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணே?”

“தட்னேண்ணா.”

“ஏன்?”

பர்வேஸ் விழித்தான். “கட்டாலயே கீதே. அக்கா அப்டித்தான சொல்லிக் குட்த்தாங்க.”

“அது தப்பு. இருபது தண்டால்.”

இருவரும் எடுத்தார்கள். பதினைந்தாவதில் பர்வேஸ் தலையைத் திருப்பிக் கேட்டான். “அக்கா எப்டிண்ணா தப்பா பண்ணுவாங்க?”

“பதினாறு” என்றான் ஜெபகுமார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பொங்கல். பர்வேஸ் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஜீவிதாவைப் பற்றிப் பேசக் கூச்சமே இல்லை. அது ஜெபகுமாரை என்னவோ செய்தது. சொந்தக்காரர்கள்கூட அவன் எதிரில் அவள் பெயரை எடுப்பதில்லை.

“கிளாஸ் முடிஞ்சா அக்காவுக்குப் பஜ்ஜி வோணும்ணா. வாழக்கா பஜ்ஜி. நாலு துன்னுட்டு, ‘வூட்ல சொல்லிடாதீங்கடா’ன்னுவாங்க.”

வீட்டில் அவள் பஜ்ஜியைத் தொட மாட்டாள். எண்ணெய் ஒத்துக்காது என்பாள். செவ்வாய், வியாழன் மாலைகளில் வகுப்பு. அப்போது ஜெபகுமாருக்கு மறைமலை நகரில் இரண்டாம் ஷிப்ட். அவன் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அந்த மாலைகளையெல்லாம் பர்வேஸ் வைத்திருக்கிறான். பஜ்ஜியை வைத்திருக்கிறான். குதிகாலையும் வைத்திருக்கிறான். அவனுக்கு அது சொத்து என்றுகூடத் தெரியவில்லை. பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜெபகுமாருக்கு என்ன மிச்சம்? பீரோவில் இரண்டு சீருடை. போனில் கொஞ்சம் படம். எல்லாம் அசையாத படம்.

இனி இவன் பொழிச்சலூரில் அவள் நின்ற இடத்தில் நிற்பான். பிள்ளைகள் வரிசையாக நின்று குதிகாலைத் தட்டும்.

பாதிப் பொங்கலோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் வந்தார். “உன் ஆளு எப்படி?”

“ஒரு இடத்துல கால் தட்டறான். எடுத்துடலாம்.”

“ஜீவிதா மாதிரியா?”

“ஆமா மாஸ்டர்.”

“வெளியூர்லேர்ந்து வர்ற எக்ஸாமினருங்க அதுக்கு மார்க்க வெட்டிடுவாங்க. பார்த்துச் செய்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போய்விட்டார்.

அனுமதி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலையிலிருந்து ஜெபகுமார் அந்த ஒரு திரும்பலை மட்டும் எடுத்துக்கொண்டான். கட்டாவே வேண்டாம். நில், திரும்பு. நில், திரும்பு. தட்டினால் தண்டால். தானும் சேர்ந்தே எடுத்ததால் யாரும் குறை சொல்ல முடியவில்லை. வெயில் ஏறியது. தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. நானூறு தண்டாலைத் தாண்டியதும் பர்வேஸ் முட்டியை ஊன்றித்தான் எழுந்தான்.

பக்கத்தில் வேறொருவரைப் பழக்கிக்கொண்டிருந்த ஃபரா பொறுக்க முடியாமல் வந்தாள். பல் மருத்துவம் படிப்பவள், ஜீவிதாவோடு சேர்ந்து பெல்ட் வாங்கியவள்.

“ஜெபா அண்ணா, இவனத் திருத்தறீங்களா, பழி வாங்கறீங்களா?”

“நாளைக்குத் தேர்வு.”

“ஜீவிதாவுக்கும் இதே தட்டு இருந்தது. அவ பாஸ் பண்ணல?”

“உன் ஆளைப் பாரு, ஃபரா.”

“இவன் மூஞ்சியப் பாருங்க, சுட்ட கத்திரிக்கா மாதிரி ஆயிட்டான்.”

“பரவால்லக்கா,” என்றான் பர்வேஸ் மூச்சிரைக்க. “அண்ணன் எனக்கோசரம்தான் பண்றாரு.”

அது ஜெபகுமாருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மதியத்துக்கு மேல் அவன் வேறு வழி பார்த்தான். பர்வேஸின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இடது குதிகாலை உள்ளங்கையால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“இப்ப திரும்பு.”

குதிகால் எழும்ப முடியவில்லை. ஆனால் தோலுக்கு அடியில், நரம்பு இரண்டு முறை துள்ளியது. டக் டக். அவன் கை அதை முழுசாக வாங்கிக்கொண்டது. அவள் தட்டுவதை அவன் பார்த்திருக்கிறான், கேலி செய்திருக்கிறான். தொட்டுப் பார்த்ததில்லை.

“அண்ணா?”

“நிறுத்தாதே. இன்னொரு தடவை.”

டக் டக்.

அப்போது அவன் கையை எடுத்திருக்கலாம். போதும், இப்படியே இருக்கட்டும், இரண்டு மார்க் போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அது இவன் காலில் இருந்தது. ஏன் இவன் காலில் இருக்க வேண்டும்?

இன்னும் பலமாக அழுத்தினான்.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் துள்ளல் ஒன்றாகக் குறைந்தது. ஆறரைக்கு அதுவும் இல்லை. கையை எடுத்தான். பர்வேஸ் திரும்பினான். குதிகால் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மறுபடி திரும்பச் சொன்னான். நின்றது.

“வந்துட்ச்சுண்ணா!” பர்வேஸ் கத்தினான்.

“ம்.” ஜெபகுமாருக்கு உள்ளே ஜெயித்த மாதிரி இருந்தது. அன்றிரவு வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

ஞாயிறு மதியம் ஆறு பேரில் நான்கு பேர் தேறினார்கள். பர்வேஸ் முதலாவதாக வந்தான். எக்ஸாமினர்களில் ஒருவர் அவனுடைய திரும்பலை மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெபகுமாரும் தட்டினான்.

முகாம் கலைந்தது. சானடோரியம் ரயில் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் இருவரும் நின்றார்கள். பர்வேஸ் புது பெல்ட்டைப் பைக்குள் வைக்க மனமில்லாமல் தோளில் போட்டிருந்தான்.

“ஒனக்கு கிளாஸ் எப்போ?”

“செவ்வா, வியாழன்தாண்ணா. அக்கா டைமே.”

ஜெபகுமார் டீயை ஆற்றினான். குடிக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அந்தப் பழைய மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டு.”

“இன்னாது?”

“தட்டுவியே. அது.”

“இங்கியா?” பர்வேஸ் சிரித்துவிட்டு டம்ளரை பெஞ்சில் வைத்தான். நடைபாதையில் நின்றான். திரும்பினான். குதிகால் அசையவில்லை.

“ஐயே, இருண்ணா.” மறுபடி நின்றான். திரும்பினான். சுத்தமாக வந்தது. டீ மாஸ்டர்கூட எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் முறை பர்வேஸ் வேண்டுமென்றே காலைத் தூக்கித் தட்டினான். ஒன்று, இரண்டு. கரப்பான்பூச்சியை மிதிப்பவன் மாதிரி இருந்தது. அது அதுவே இல்லை. அவனுக்கும் அது தெரிந்தது.

“வர மாட்டேங்குதுண்ணா. நீங்க சூப்பரா எட்த்துட்டீங்க.” அதற்குள் ஜெபகுமாரின் முகத்தைப் பார்த்துவிட்டான். சிரிப்பு நின்றது. “இன்னொரு தபா பாக்கட்டா?”

“வேணாம்” என்றான் ஜெபகுமார். “சரியாத்தான் இருக்கு.”