ஓரம் வெட்டாத பதிப்பு

சந்தா கட்டியிருந்த புத்தகம் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் நுழையவில்லை. ஆகவே லாரியில் வந்த ஆட்கள் வீட்டைக் கொஞ்சம் நகர்த்தி, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுப்பில் குக்கர் இரண்டு விசில் அடித்திருந்தது. வீடு நின்ற பிறகு மூன்றாவதை அடித்தது. வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் இருந்த வேப்பமரம் வலப்பக்கம் இருந்தது.

“நல்லதாப் போச்சு. இனிச் சமையக்கட்டுல வெயிலடிக்காது,” என்றாள்.

அவள் கணவர் செங்கோட்டுவேலு தெருவில் நின்று புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரோட்டில் ஜமுக்காளக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். காமிக்ஸ் சேர்க்கிறவர். சேர்க்கிறவர் என்றதும் படிக்கிறவர் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது.

இந்த ‘பாழுங்கிணற்றில் பர்ட்டன்’ கதை முதலில் உள்ளங்கை அளவில் வந்தது. அப்போது அவர் சின்னப் பையன். பிறகு நோட்டுப் புத்தக அளவில் மறுபதிப்பு வந்தது. பிறகு காலண்டர் அளவில். பிறகு கதவு அளவில். அதைக் கொஞ்ச காலம் குளியலறைக்குப் போட்டிருந்தார்கள், பிளாஸ்டிக் கவரோடுதான். மறுபதிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வாங்கினார். ஒன்று வைத்துக்கொள்ள, இன்னொன்று பத்திரமாக வைத்துக்கொள்ள. எதையும் பிரித்ததில்லை. பிரித்தால் முதுகில் கோடு விழும். முதுகில் கோடு விழுந்த புத்தகத்தைச் சேகரிப்பாளர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் பார்ப்பார்கள். படிப்பதற்கு அந்த உள்ளங்கைப் புத்தகம் இருக்கவே இருந்தது.

உள்ளங்கைப் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. அந்தக் காலத்தில் பெரிய படத்தைச் சின்னப் பக்கத்தில் அடக்குவதற்கு ஓரங்களை வெட்டிவிடுவார்கள். மலை பாதி போகும். குதிரைக்கு வால் போகும். யார் கேட்கப் போகிறார்கள்? கிணற்றில் விழுந்த பர்ட்டன் அடியில் கிடக்கும்போது கட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீளும். மணிக்கட்டு வரைதான் கை. அது அவனை மேலே இழுக்கும். அடுத்த பக்கத்தில் பர்ட்டன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். கை யாருடையது என்று அவனும் கேட்கவில்லை, கதையும் சொல்லவில்லை.

செங்கோட்டுவேலு பத்து வயதில் டைபாய்டில் விழுந்தபோது அந்தப் புத்தகம் தலைமாட்டில் இருந்தது. ஒரு மத்தியானம் அவர் கட்டிலிலிருந்து கீழே போக ஆரம்பித்தார். தரையையும் தாண்டிப் போனார். அப்போது புத்தகத்திலிருந்து கை வந்து பிடித்துத் தூக்கியது. காய்ச்சல் இறங்கியது. அப்பா டாக்டருக்கு நன்றி சொன்னார். அம்மா மாரியம்மனுக்குச் சொன்னார். கைக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கைக்கு உரியவர் முகத்தை ஒரு தடவை பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செங்கோட்டுவேலுவின் வாழ்க்கையில் பாக்கியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மறுபதிப்பு வந்தபோதும் கவர் போடத்தான் கை போனது, பிரிக்க மனம் வரவில்லை. அடுத்தது இன்னும் பெரிதாக வரும், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். இந்த முறை அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்: மூலத்தில் உள்ளபடி, ஓரம் வெட்டாமல்.

அவர் முதல் வேலையாகக் கவர் கடைக்குப் போனார்.

“அவ்வளவு பெருசு இல்லீங்க. வானத்துக்குப் போடறது ஒண்ணு இருந்துச்சு. திருச்செங்கோட்டுக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க,” என்றார் கடைக்காரர்.

செங்கோட்டுவேலு வெறுங்கையோடு திரும்பி வந்தார். புத்தகம் வாசலை நிறைத்து, காம்பவுண்டுச் சுவரில் ஏறி, தெருவில் பாதி தூரம் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதன் நிழலில் இரண்டு ஆட்டோக்கள் நின்றன.

காலனிச் சங்கச் செயலர் சின்னியப்பன் வந்து காத்திருந்தார். முன்னாலிருந்து பார்த்தால் கனத்த மனிதர். பக்கவாட்டில் திரும்பினால் தெரியமாட்டார். அவரைக் கேள்வி கேட்க எழுந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஏமாந்து உட்கார்ந்தார்கள்.

“புஸ்தகம் ரோட்டுல நீட்டிட்டு இருக்குதுங்க,” என்றார்.

“ஆமாங்க.”

“நீட்டக் கூடாதுங்க.”

“வேப்பமரமும் நீட்டிட்டு இருக்குதுங்களே.”

“அது படிக்கறதுக்கில்லீங்க.”

செங்கோட்டுவேலு மரத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. காம்பவுண்டுக்கு வெளிய இருக்கறத வெட்டிரலாம். பைண்டிங் மாரப்பன வரச் சொல்லியிருக்கறேன். சாயங்காலம் வந்துருவாரு.”

“வெட்டுனா என்னங்க போகும்?”

“என்ன போகும்? ஓரந்தானுங்க போகும்,” என்று சொல்லிவிட்டுச் சின்னியப்பன் பக்கவாட்டில் திரும்பினார். அவரைக் காணோம்.

ஓரத்தில்தான் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து முழுசாக வந்திருக்கிறார். வந்த இடத்திலும் வெட்டப்போகிறார்கள். செங்கோட்டுவேலு உள்ளே போய் மனைவியிடம் சொன்னார்.

“பிரிச்சுப் பாத்துருங்க. மாரப்பன் வர்றதுக்குள்ள,” என்றாள் வசந்தாமணி.

“முதுகுல கோடு விழுந்துரும்.”

“எனக்குந்தான் முதுகுல வலி. யாரு கவர் போட்டாங்க?”

அவர் வெளியே வந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தின் மேல் ஏறினார்.

பக்கம் திருப்புவது ஒரு ஆள் வேலை இல்லை. பெரிய கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தை மடிப்பதுபோல மூலைக்கு ஒருவர் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லாமலே வந்தார்கள். அட்டையைத் தூக்கியபோது முதுகு முறிந்த சத்தம் காவிரிப் பாலம் வரை கேட்டது என்றார்கள். செங்கோட்டுவேலு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது உலகம் அப்படியேதான் இருந்தது. இதற்கா இத்தனை காலம் பயந்தோம் என்று அவருக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

முதல் பக்கம் பாலைவனம். தெரு முழுக்க மணல் அடித்தது. தக்காளி வண்டிக்காரர் சக்கரம் புதைந்து நின்றார். இரண்டு பக்கம் தள்ளி மழை பெய்தது. பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் இருந்த துணிகளை எடுத்தார்கள். படக் கட்டங்களுக்கு நடுவே விட்டிருந்த வெள்ளைச் சந்துகள் நல்ல அகலம். யாரோ ஸ்கூட்டரில் குறுக்கு வழியாகப் போனார்கள். வசனங்களை நடந்து நடந்துதான் படிக்க முடிந்தது. ‘அடேய் பர்ட்டன்’ என்பதைப் படித்து முடிப்பதற்குள் வசந்தாமணிக்கு மூச்சு வாங்கியது. அவள் ஆச்சரியக்குறியின் புள்ளியில் உட்கார்ந்துகொண்டாள்.

“சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் வரஞ்சிருக்கான்,” என்றாள்.

மாரப்பன் மிதிவண்டியில் வந்து இறங்கியபோது கிணற்றுப் பக்கம் திறந்தது.

கிணறு வாசலில் இருந்தது. ஆழம் தெரியவில்லை. உள்ளே பர்ட்டன் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை காம்பவுண்டுச் சுவர் வரை வந்தது. மீதி சுவருக்கு அந்தப் பக்கம். எல்லாரும் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வீரன் மாதிரியெல்லாம் இல்லை. ஒல்லியான சமையல்காரர். இடுப்பில் துணி கட்டியிருந்தார். மறு கையில் கரண்டி. பாதிச் சமையலில் ஓடி வந்திருப்பார் போலிருந்தது. நெற்றியில் வியர்வைத் துளி ஒவ்வொன்றும் குடத்தளவு வரையப்பட்டிருந்தது.

“வந்துட்டீங்களா?” என்றார்.

செங்கோட்டுவேலு கும்பிட்டார்.

“பக்கத்தத் திருப்புங்க,” என்றார் அவர்.

“ஒரு நிமிசமுங்க. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்.”

“கை போகுதுங்க. மொதல்ல திருப்புங்க.”

மாரப்பன் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டே, “எங்கீங்க வெட்டணும்?” என்று கேட்டார். கூட வந்திருந்த சின்னியப்பன் சுவர் ஓரமாக விரலால் ஒரு கோடு காட்டினார். கோடு சமையல்காரரின் முழங்கை வழியாகப் போனது. மாரப்பன் கோட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

“ஆளிருக்கற ஓரத்த நான் வெட்டறதில்லீங்க. ஆளில்லாத ஓரமிருந்தாச் சொல்லி அனுப்புங்க,” என்று கத்தியைத் துணியில் சுற்றினார்.

சின்னியப்பன் பக்கவாட்டில் திரும்பினார். அன்றைக்கு என்னவோ, திரும்பிய பிறகும் தெரிந்தார். கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டைபாய்டுல என்னையத் தூக்கி விட்டது நீங்கதானுங்க,” என்றார் செங்கோட்டுவேலு.

சமையல்காரர் யோசித்தார். “அப்ப ரெண்டு பேரு கனம் கனத்துச்சுங்க. ஒருத்தன் இத்தன கனமிருப்பானான்னு நெனச்சேன். சரி, வந்தது வரட்டும்னு இழுத்துட்டேன்.”

செங்கோட்டுவேலு அழுதார். தெருவென்றும் பாராமல் அழுதார்.

“அந்தச் சின்னப் புஸ்தகத்துல பரவாயில்லீங்க,” என்று சமையல்காரர் தொடர்ந்தார். “நீங்க அடிக்கடி படிப்பீங்க. பக்கம் திரும்பும்போது கொஞ்சம் கைய எறக்கிக்குவேன். நோட்டு சைஸ்ல மாட்டுனேன். அப்பறம் காலண்டர். அப்பறம் கதவு. எல்லாம் ரெண்டு ரெண்டு. ஒருத்தரும் பிரிக்கல. எல்லாத்துலயும் நாந்தானுங்க புடிச்சுட்டு நிக்கறேன்.”

வசந்தாமணி கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

தான் பத்திரப்படுத்தியது என்ன என்று இப்போதுதான் செங்கோட்டுவேலுவுக்குத் தெரிந்தது. உடனே திருப்ப வேண்டும். ஆனால் திருப்பினால் இந்த முகம் போய்விடும். அடுத்த பக்கத்தில் பர்ட்டன் குதிரையில் போவான், அவ்வளவுதான். பார்த்து ஒரு வாய்க் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒட்டிய கன்னத்தையும், ஒரு பக்கம் ஏறியிருந்த புருவத்தையும், கரண்டியில் காய்ந்திருந்த பருப்பையும் அவசர அவசரமாகப் பார்த்தார்.

“திருப்பட்டுங்களா?” என்றார்.

“புண்ணியமாப் போகும்.”

அவர் ஒரு மூலையைப் பிடித்தார். மாரப்பன் ஒன்றைப் பிடித்தார். தக்காளி வண்டிக்காரர் ஒன்றைப் பிடித்தார். நாலாவது மூலைக்கு ஆள் தேடியபோது சின்னியப்பன் ஏற்கெனவே குனிந்திருந்தார். தூக்கினார்கள். காற்று அடித்தது. பக்கம் வானத்தை மறைத்துக்கொண்டு புரண்டு விழுந்தது.

அடுத்த பக்கத்தில் பர்ட்டன் குதிரையில் போனான். வாசலைக் கடந்து, துளசிச் செடியைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போனான். குதிரைக்கு வால் இருந்தது. செங்கோட்டுவேலு குதிரையைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினார்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தையும் அந்தக் காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். சமையல்காரர் அங்கேதான் இருந்தார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கரண்டியைக் கீழே வைத்திருந்தார். கை மடியில் கிடந்தது. விரல்கள் மட்டும் இன்னும் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன.

வீட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கிழியும் சத்தம் வந்தது. வசந்தாமணி அரிவாள்மனையில் வைத்துக் கவர்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். செங்கோட்டுவேலு தடுக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முதுகை மடக்கினார். கோடு விழுந்தது. கிணற்றுப் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திருப்பினார். நோட்டுப் புத்தகம். காலண்டர். கதவுக்கு மட்டும் மாரப்பனும் கை கொடுத்தார். ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் கல்லில் உட்கார்ந்திருந்தவரின் ஒரு விரல் விரிந்தது. கடைசிப் பக்கம் புரண்டதும் உள்ளங்கை முழுதாகத் திறந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

செங்கோட்டுவேலு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். சொல்ல வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார். அது மிகவும் சின்னதாக இருந்தது. மூடிக்கொண்டார்.

“வலிக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க.”

வசந்தாமணி வலித் தைலம் கொண்டுவந்து கணவர் கையில் ஊற்றினாள். செங்கோட்டுவேலு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தார். மணிக்கட்டு வரை அவருக்குத் தெரிந்த கை. அதன் மச்சம், ரேகை, நகத்துக் கீறல் எல்லாம் மனப்பாடம். மணிக்கட்டைத் தாண்டியதும் மெதுவாகப் போனார். முழங்கையில் ஒரு பழைய தீக்காயம் இருந்தது. அதற்கு மேலே தோள்.

“அங்கதானுங்க,” என்றார் சமையல்காரர், கண்ணை மூடிக்கொண்டு. “அங்கதான் வலி.”