நாலாவது டிக்கெட்

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது என்று போனில் காட்டிய அன்றைக்கே டிக்கெட்டைப் போட்டுத் தொலைத்திருக்கலாம். போட்டிருந்தால் அகல்யாவுக்கு ரத்தக்கொதிப்பும் ஏறியிருக்காது, தலைநகரில் லோதி ரோடு அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு மாதமாகப் பாத்திரங்கள் படாதபாடு பட்டிருக்கவும் வேண்டாம். ஆனால் டிக்கெட் போடுவது அவள் புருஷன் கோபாலன் கையில் இருந்தது. அவர் கைக்குப் போன எதுவும் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வராது.

கோபாலன் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அரசு ஊழியர் குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் போனால் போக்குவரத்துச் செலவைச் சர்க்கார் திருப்பிக் கொடுக்கும். எல்.டி.சி. என்று அதற்குப் பெயர். அந்த பில்களைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. சர்க்கார் அனுமதித்த ஏஜென்சியில்தான் டிக்கெட் வாங்கினாயா, இருபத்தொரு நாள் முன்னதாக வாங்கினாயா, அதே நேரத்துக்கு அதைவிட மலிவான விமானம் இருந்ததா என்று ஒவ்வொரு காகிதமாகப் புரட்டுவார். தாமதத்துக்கு எவன் என்ன காரணம் எழுதினாலும், 'காரணம் திருப்திகரமாக இல்லை' என்று ஓரத்தில் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருத்தருக்கு மாமியார் செத்துப்போனதையே திருப்திகரமாக இல்லை என்று எழுதியவர் என்று ஆபீசில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

அடுத்தவர் பயணத்தை இப்படிக் கரைத்துக் குடித்த மனுஷன் தன் பெண்டாட்டி பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனார் என்று கேட்டால், மன்னார்குடிக்கு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எடுத்த லீவெல்லாம் மன்னார்குடிக்குத்தான். நாத்தனார் வளைகாப்பு, கொழுந்தன் வீட்டுக் கிரகப்பிரவேசம், யாரோ ஒரு பங்காளி பிள்ளைக்குக் காதுகுத்து. மே மாத வெயிலில் இரண்டு ராத்திரி ரயிலில் வெந்து, அங்கே போய்ப் பந்தியில் பரிமாறி, மறுபடி இரண்டு ராத்திரி வெந்து திரும்புவதைத்தான் அந்த வீட்டில் விடுமுறை என்றார்கள். அகல்யா இதுவரை விமானத்தின் படியில் கால் வைத்ததில்லை. ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கிறாள், கொழுந்தனை வழியனுப்ப.

போன வருஷம் கோபாலனுக்குப் பதவி உயர்வு வந்தது. அதோடு விமானத்தில் போகும் தகுதியும் வந்தது. மகள் சுபிக்ஷா இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். ஜூன் முதல் தேதியிலிருந்து கோச்சிங், அப்புறம் பரீட்சை, அப்புறம் எந்த ஊர்க் கல்லூரியோ, எந்த ஹாஸ்டலோ. நாலு பேரும் சேர்ந்து ஊர் சுற்ற இனி இன்னொரு மே மாதம் கிடைக்காது என்று அகல்யாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் இந்த முறை அவளே முடிவு செய்தாள். காங்டாக். பையன் மாதவ் பனியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மே பதினாறு, சனிக்கிழமை, காலை விமானம். கோபாலனும் சரி என்றார். சரி என்று சொல்வதில் அவர் எப்போதும் தாமதம் செய்ததில்லை.

அகல்யா பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வு பீரியடில் மற்ற டீச்சர்கள் டீ குடிக்கும்போது இவள் போனில் விமானக் கட்டணம் பார்ப்பாள். மார்ச் கடைசியில் தலைக்கு ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. அன்று மாலையே அவரிடம் சொன்னாள். லீவ் சாங்ஷன் ஆகாமல் டிக்கெட் வாங்கக் கூடாது, ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். ஏப்ரல் முதல் வாரம் எட்டாயிரத்து இருநூறு. பார்லிமென்ட் நடக்கிறது, கையெழுத்துப் போட வேண்டிய அண்டர் செக்ரட்டரிக்கு மூச்சுவிட நேரமில்லை என்றார். அதற்கடுத்த வாரம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். 'மம்மி, ஃபிர் பட் கயா' என்று மாதவ் காலையில் எழுந்ததும் போனைப் பார்த்து விலை ஏறியதைச் சொல்வான். அப்பா ஷேவிங் செய்துகொண்டே, சர்க்கார்தானே கொடுக்கப்போகிறது, உனக்கென்ன என்பார்.

உனக்கென்ன. பணம் சர்க்காருடையதாக இருக்கலாம். ஆனால் அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் அவளுடைய சம்பளத்திலிருந்துதான் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? அதைவிட, விலை ஏற ஏற இந்த மனுஷன் கடைசியில் 'ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பதினெட்டு வருஷம் ஒரே ஆளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஜோசியம் எதற்கு?

வியாழக்கிழமை சாயங்காலம் அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்கப் போட எடுத்தாள். பக்கவாட்டு ஜிப்பில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஒரு மூலையில் புளிசாதத்தின் எண்ணெய் ஏறி மஞ்சளாகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் லீவ் விண்ணப்பம். மே பதினாறு முதல் எட்டு நாள். கீழே அவர் கையெழுத்து, மார்ச் முப்பது என்று தேதி. மேலே போன ஃபைல் இருபத்து நாலு நாளாக ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் கத்தவில்லை. காகிதத்தைக் கொண்டுபோய் அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மேல் வைத்தாள். கோபாலன் அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நேரம் பாத்துக் குடுக்கணும் அகல்யா. அந்தாளு மூடு சரியில்லன்னா மொத்தமா இல்லன்னுடுவான். நாளைக்குக் குடுத்துடறேன்."

சனிக்கிழமையோடு இருபத்தொரு நாள் கணக்கு முடிகிறது என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அந்தக் கணக்கை ஆபீசுக்கே சொல்லிக் கொடுப்பவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தெரியும் என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அண்டர் செக்ரட்டரி லீவில் போய்விட்டாராம். குடும்பத்தோடு கோவாவுக்கு. திங்கட்கிழமைதான் வருவாராம். இதைச் சொல்லும்போது கோபாலன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதுதான் அகல்யாவுக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக இவர் வாய்திறக்கப் பயந்த அந்த ஆள், யாரிடமோ லீவ் கேட்டு, டிக்கெட் வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டிருக்கிறான். அன்று ராத்திரி அந்த வீட்டில் மோர்சாதம்தான். கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை.

சனிக்கிழமை காலை பால் பூத்தில் தமிழ்செல்வியைப் பார்த்தாள். முதல் மாடிக்காரி, மதுரைப் பக்கம். அவள் புருஷன் சிவகுமாரும் கோபாலனும் ஒரே அமைச்சகம். லீவுக்கு எங்கே என்று தமிழ்செல்வி சாதாரணமாகத்தான் கேட்டாள். அகல்யாவுக்கு எங்கிருந்து அவ்வளவு வந்ததோ, பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். லீவ் சாங்ஷன் ஆகவில்லை, அதனால் டிக்கெட் இல்லை, அதனால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

தமிழ்செல்வி விழித்தாள். "அவருக்கு லீவு கெடைக்கலன்னா உங்களுக்கு என்னக்கா? நானும் பிள்ளைகளும் மட்டுந்தான போன வருசம் கவுகாத்தி போயிட்டு வந்தோம். குடும்பம் தனியாப் போகலாம், அவங்க லீவு போடவே வேண்டாம்னு ரூல் இருக்குல்ல."

அப்படி ஒரு ரூலா என்று அகல்யா கேட்டாள்.

"எங்களுக்கு மட்டும் என்னக்கா தெரியும்? உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. எங்க பில்லப் பாஸ் பண்ணுனதே அவர்தான."

மூன்று மாடி ஏறி வந்தது அகல்யாவுக்கு நினைவில்லை. பால் பாக்கெட்டை மேடையில் போட்டாள். லீவ் கேட்கப் பயந்தார், சரி, கோழைத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் கதவு திறந்துதான் கிடக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், சொந்த வீட்டுக்கு மட்டும் பூட்டியிருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு என்ன பெயர்?

கோபாலன் திங்கட்கிழமைக்கான சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"நீங்க லீவு போடாமலே நாங்க மூணு பேரும் போலாம்னு ரூல் இருக்கா, இல்லையா?"

அயர்ன் பெட்டி சட்டைக் காலரில் அப்படியே நின்றது. யார் சொன்னார்கள் என்று கேட்டார். சுபிக்ஷா எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள், இல்லாவிட்டால் அந்தச் சட்டை அன்றோடு போயிருக்கும்.

"இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா நான் இல்லாம நீங்க மட்டும் போனா நல்லாவா இருக்கும்? குடும்பம்னா சேந்து போறதுதானே."

"பதினெட்டு வருஷமா உங்களோட சேந்துதானே போனோம். எங்க போனோம்?"

மாதவ் தரையைப் பார்த்தான். சுபிக்ஷா அப்பாவைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம்கூட இல்லை. இந்த ஆள் இப்படித்தான் என்று எப்போதோ தெரிந்துகொண்டவள் மாதிரி இருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் அகல்யாவின் கோபம் உச்சிக்கு ஏறியது. தனக்கு இது புரியப் பதினெட்டு வருஷம் ஆனது. பிள்ளைக்கு இந்த வயதிலேயே புரிந்துவிட்டதே என்று இருந்தது.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். சர்க்கார் அனுமதித்த ஏஜென்சியின் பக்கம். மே பதினாறு, தலைக்குப் பதினோராயிரத்து இருநூற்று அறுபது. உச்சவரம்புக்கு உள்ளேதான், மயிரிழையில். மூன்று பெயரைத் தட்டினாள். அகல்யா, சுபிக்ஷா, மாதவ். நாலாவது பெயருக்குக் கட்டம் காலியாக இருந்தது. அதை எடுத்துவிட்டாள். அரசு ஊழியர் பெயரில்தான் அந்தப் பக்கம் திறக்கும் என்பதால், ரகசிய எண் கோபாலன் போனுக்குப் போனது. மேஜை மேல் அந்தப் போன் ஒருமுறை அதிர்ந்தது. அகல்யா கையை நீட்டினாள்.

அவர் போனைக் கொடுக்கவில்லை. கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "திங்கக்கிழம கண்டிப்பாக் கேட்டுடறேன். நாலாப் போட்டுடேன்," என்றார்.

"சாங்ஷன் ஆகாம டிக்கெட் வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கேளுங்க. கெடச்சா அன்னிக்கு என்ன விலையோ அந்த விலைக்கு வாங்கிட்டு வாங்க. இப்ப நம்பரச் சொல்லுங்க."

எண்ணுக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள். ஏழு நிமிஷம் கோபாலன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டில் குக்கர் மூன்று விசில் விட்டது. அப்புறம் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, ஆபீசில் ஃபைல் நம்பர் படிக்கிற குரலில் படித்தார். மூன்று டிக்கெட் வந்துவிட்டது. மாதவ் குதிக்கவில்லை. அக்கா அவன் கையைப் பிடித்திருந்தாள்.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கோபாலன் வீட்டுக்கு வந்தார். எண்ணெய்க் கறையோடு அதே விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்தார். மூலையில் பச்சை மையில் கையெழுத்து.

கேட்டீர்களா, என்ன சொன்னார் என்று அகல்யா கேட்டாள்.

"தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. போன்ல பேசிட்டே கையெழுத்துப் போட்டான்." விண்ணப்பத்தின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார். "'அரே கோபாலன்ஜி, பெஹ்லே க்யோன் நஹீ போலா'ன்னான். ஏன் முன்னாடியே சொல்லலன்னு."

அரை நிமிஷக் காரியம். அகல்யா பல்லைக் கடித்துக்கொண்டு போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதே விமானம், பதிமூன்றாயிரத்துத் தொள்ளாயிரம். உச்சவரம்பைத் தாண்டியாயிற்று. இருபத்தொரு நாள் கெடுவும் தாண்டியாயிற்று. தாமதத்துக்குக் காரணம் எழுதி பில்லோடு வைக்க வேண்டும். அந்த பில் நேராக அவருடைய மேஜைக்குத்தான் போகும்.

கோபாலன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். 'குறித்த காலத்துக்குள் டிக்கெட் வாங்க முடியாததற்கான காரணம்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"என்ன எழுதறது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அகல்யா டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"பயம்னு எழுதுங்க," என்றாள்.

அவர் வெகுநேரம் அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. உள்ளறையில் சுபிக்ஷா தம்பியின் ஸ்வெட்டர்களை எடுத்துப் போட்டு எது பத்தும் எது பத்தாது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அகல்யா சப்பாத்திக்கு மாவு பிசைய உட்காரும்போது போனை ஒருமுறை பார்த்தாள். டிக்கெட் இன்னும் நானூறு ரூபாய் ஏறியிருந்தது. அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.