கண் திறந்த கித்தார்

கச்சிராயபாளையத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுக் கள்ளக்குறிச்சி பட்டறைக்குத் திரும்பிய கோகிலவாணி, வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் செய்த எலெக்ட்ரிக் கித்தாரைத் தம்பி செழியன் சைக்கிள் சங்கிலியால் விளாசிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"பழசாக்கிக்கினு இருக்கேன்கா. இப்படி இருந்தாதான் வாங்குவாங்க."

வெள்ளைச் சாயமெல்லாம் கீறல். அந்தக் காலத்து அமெரிக்காவில் தபாலில் வரவழைத்த மலிவுக் கித்தார்களின் படத்தைப் பார்த்து, மலையடிவாரத்துப் பலாவில் அவளே இழைத்தது. கோயில் வாகனம் செதுக்கும் குடும்பம். குதிரைக்குக் கண் திறந்துவிட்டால் அப்புறம் அதன்மேல் உளி படக்கூடாது. கம்பிக்குக் கீழே இருக்கும் இரண்டு காந்தக் கட்டைகளைத்தான் அவள் கித்தாரின் கண் என்பாள். ஒயர் கொடுத்து முதல் சத்தம் வந்தால் கண் திறந்ததாகக் கணக்கு. நேற்றுதான் இதற்குத் திறந்தாள். இன்றைக்கு இந்தப் புண்ணியவான் சங்கிலியோடு வந்து நிற்கிறான்.

விற்பனையெல்லாம் செழியன் கையில். செல்போனை நீட்டிக் காட்டினான். 'அறுபது வருடப் பழைய அசல் தபால் கித்தார்' என்று போட்டிருந்தான். ஆளும் கிடைத்துவிட்டான், சாயங்காலம் எடுக்க வருகிறானாம்.

"எம் பேரு எங்கடா?"

"பழசுன்னு சொல்லிட்டு ஒம் பேர எப்படிக்கா போடறது? நீ அப்ப பொறக்கவே இல்லியே."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளைக் கொளுத்தியது. இத்தனை நாள் தூசியை மூக்கில் வாங்கியது யார்? பிறக்காதவளா? கித்தாரைப் பிடுங்கி மேசையில் மல்லாத்திப் போட்டாள். உளியையும் அதை அடிக்கும் கொட்டாப்புளியையும் எடுத்தாள்.

"யக்கா! கண்ணு தொறந்தாச்சு, உளி படக்கூடாதுன்னு நீதான சொல்லுவ!"

"சங்கிலி பட்டப்ப எங்கடா போச்சு அந்தக் கண்ணு?"

கொட்டாப்புளி இறங்கியது. செழியன் வாசித்துப் பார்த்துவிட்டு அணைக்காமல் விட்டிருந்த ஸ்பீக்கர் பெட்டி உறுமியது. ஒவ்வொரு அடிக்கும் ஆறு கம்பிகளும் சேர்ந்து அலறின. எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். செழியன் ஒயரைப் பிடுங்க ஓடினான்.

"வுடுடா. கேக்கட்டும்."

கோகிலவாணியின் 'கோ'வுக்கு முதலில் இரட்டைச் சுழிக் கொம்பு. அதன் வளைவில் வெள்ளைச் சாயம் பெயர்ந்து விழ, உள்ளேயிருந்து பலாவின் மஞ்சள் புதுசாகத் தெரிந்தது.