சோடியத்துக்கு ஜோடி தேடிய கதை

உலக இலக்கியத்தில் எவரும் துணியாத காரியத்துக்கு இன்று பிற்பகல், சாப்பிட்ட கை காய்வதற்குள், நான் துணிந்துவிட்டேன் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன்: அணுக்களின் காதல் கதை. கலைத்தாகமெல்லாம் இல்லை. என் மனைவி வேதியியல் ஆசிரியை, தற்காலிகம். நாளை தலைமையாசிரியை பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பாடத்தைக் கேட்பார். பிடித்தால் வேலை நிரந்தரம்; பிடிக்காவிட்டால் வீடு.

"பிள்ளைங்க தூங்காம இருக்க ஒரு சின்னக் கதை எழுதித் தாங்களேன்" என்றாள்.

சின்னக் கதையாம்!

1

சோடியம் என்னும் வள்ளல், குளோரின் என்னும் ஏழைக் கன்னிக்குத் தன் எலக்ட்ரானைக் கண்ணீர் மல்க—

"வள்ளலா?" தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி. "வெளிக்கூட்டுல தனியா நிக்கிற அந்த ஒண்ணு தொலைஞ்சா போதும்னு இருக்கு அது. குளோரின் ஏழையும் இல்ல. ஏழு வெச்சுக்கிட்டு எட்டாவதுக்கு அலையுது, உங்க தங்கச்சி மாதிரி."

"அவள எதுக்கு இழுக்கிற?"

"அவ செருப்பு ஜோடிக் கணக்கச் சொன்னேங்க."

2

கொடுத்த சோடியம் நேர் அயனி ஆயிற்று. வாங்கிய குளோரின் எதிர் அயனி. எதிரெதிர் மின்சுமைகள் இழுக்க, இருவரும் கைகோத்து ஒரு சிறு வீட்டில்—

[காதல் கதைகளில் சிறு வீடு கட்டாயம் உண்டு. அதில் கழிவறை இருந்து நான் படித்ததில்லை.]

இந்த இடத்தில் கண் செருகிவிட்டது. உப்புக் கல்லுக்குள் நடந்துகொண்டிருந்தேன். சுவர்களெல்லாம் வெளிச்சம். நூல் பிடித்தாற்போல் தெருக்கள். ஒரு சோடியம், ஒரு குளோரின், மறுபடி ஒரு சோடியம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

"உன் எலக்ட்ரானை வாங்கினது யாருப்பா?" என்று ஒரு சோடியத்தைக் கேட்டேன்.

"சுத்தி ஆறு பேரு நிக்கிறாங்க. அதுல எவருன்னு யாரு கண்டா?"

குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியங்கள். "அப்போ நீங்க ஜோடி இல்லையா?" என்றேன். தெரு முழுக்கச் சிரித்தது. சத்தமில்லை; வெளிச்சம் மட்டும் குலுங்கியது.

3

எழுந்ததும் சொன்னேன். மனைவி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடினாள்.

"கனவுல கண்டதுதாங்க சரி. உப்புல ஜோடியே கிடையாது, எல்லாரும் எல்லாரையும் இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க. உங்க கதையச் சொன்னா மொத்த வகுப்பும் ஜோடின்னு எழுதும். பின் பெஞ்சுல இருக்கறவங்க என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிருவாங்க."

"என் நாயகி?"

"ஆறு நாயகனுக்கு நடுவுல நிக்கிறா. எழுதுவீங்களா?"

"பாடம் முடிஞ்சதும் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு இருந்தேன். பத்திரிகைக்காரன் அடிப்பான்."

4

முடிவு ஒன்று: வகுப்பே விம்மியது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி— (கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: உப்பைத் தண்ணீரில் போட்டார்கள். தெருக்கள் கரைந்தன. ஒவ்வொருவராகப் பிடித்த கையை விட்டு, தண்ணீர் தாங்கிக்கொள்ள, எங்கோ மிதந்து— (இது அழகு. உண்மையும்கூட. ஆனால் கதாநாயகனைக் காணோம்.)

முடிவு மூன்று: வாசகரே, உங்கள் பொறுப்பு.

நான் மூன்றாவதற்கு மெருகேற்றிக்கொண்டிருக்கையில் மறுநாள் வந்துவிட்டது. அவள் ஒரு பிடி கல்லுப்பும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

கல்லின் நேர்விளிம்புகளைக் கண்ணாடியில் பார்த்த பிள்ளைகள் ஒருவரும் தூங்கவில்லையாம்; வேலை நிரந்தரமாகிவிட்டது. கதையை யாரும் கேட்கவில்லை.