லொரெய்ன் வீட்டு டம்ப்ஸ்டரில் பச்சை பெயிண்ட்

1

இந்தக் கதை ஒரு இரும்புக் குப்பைத் தொட்டியிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு லொரெய்ன் கூரை மாற்றுவதற்காக வாடகைக்கு எடுத்து, தன் வீட்டுக் கார் பாதையில் இறக்கி வைத்த டம்ப்ஸ்டர். டொலீடோவில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு டம்ப்ஸ்டர் வந்தால் மொத்தத் தெருவுக்கும் கை அரிக்கும். யாரும் கேட்டுப் போடுவதில்லை. யாரும் போடாமலும் இருப்பதில்லை.

முதல் வரியை இதுவரை மூன்று முறை அடித்தாயிற்று.

அக்டோபர் மாதத்து வானம் லொரெய்னின் கூரைமேல் —

(வேண்டாம். வானத்தை வைத்து ஆரம்பிப்பவன் எதையோ மறைக்கிறான்.)

எல்வின் அடிப்படையில் நல்லவன். அவன் —

(இதுவும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

2

எல்வினுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவன் கராஜில் ஐந்து டப்பா பச்சை பெயிண்ட் அரைகுறையாக மிச்சம் கிடந்தது. இந்த ஊரில் பெயிண்டை அப்படியே குப்பையில் போட முடியாது. பூனை மலம் கழிக்கப் போடும் மணலை வாங்கி டப்பாவில் கொட்டிக் கிளறி, மூடியைத் திறந்து வைத்து, கல்லாக இறுகிய பிறகுதான் போட வேண்டும். எல்வினும் மணல் வாங்கினான், கொட்டினான், கிளறினான். மறுநாள் மேலே தொட்டுப் பார்த்தான், இறுகியிருந்தது. அடிவரை குச்சி விட்டுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை லொரெய்ன் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, பிரித்துப் போட்டிருந்த பழைய ஷிங்கிள்களுக்கு நடுவே ஐந்தையும் சொருகிவிட்டு வந்தான்.

* ஷிங்கிள் என்பது தார் பூசிய கூரைத் தகடு. தொட்டியில் அது மட்டும் இருந்தால் ரோடு போட எடுத்துக்கொள்வார்கள். அதற்கென்றே தனி டம்ப்ஸ்டர் உண்டு, வேறு எதுவும் கூடாது. லொரெய்ன் எடுத்தது அந்த வகை. எல்வினுக்கு இது தெரியாது. [எனக்குத் தெரியும். தொட்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.]

3

திங்கட்கிழமை லாரி வந்தது. டிரைவர் கொக்கியை மாட்டித் தொட்டியைச் சற்றுத் தூக்கியதும் பின்கதவின் இடுக்கிலிருந்து பச்சை பச்சையாக வழிந்தது. அவர் அப்படியே இறக்கிவிட்டார்.

"இத நான் ஏத்த மாட்டேன் மேடம். ரோட்டுல வழிஞ்சா என் வேலை போயிரும்."

"பாதிக் கூரை தொறந்து கெடக்குதுப்பா! இது ரொம்பிருச்சு. நீ காலித் தொட்டி வச்சாத்தானே கூரைக்காரங்க மீதியப் பிரிப்பாங்க?"

"பெயிண்ட்ட பொறுக்கி எடுத்துக் காய வைங்க. வியாழக்கிழமை வர்றேன்."

கூரை வேலைக்காரர்கள் ஒரு நீலத் தார்ப்பாயை விரித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். செவ்வாய் மதியம் காற்று தார்ப்பாயைப் பிய்த்தது. ஒரு மணி நேர மழையில் லொரெய்னின் படுக்கையறை உட்கூரை ஊறி, கட்டில்மேல் பொத்தென்று விழுந்தது. அவர் சமையலறையில் இருந்ததால் பிழைத்தார்.

4

தெருவில் அந்தப் பச்சை அடித்து வெளியே தெரிவது ஒரே இடத்தில்தான்: ரிக் வீட்டு முன்வராந்தாவில். ரிக் லொரெய்னுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருடமாக, யாரும் கேட்காமலே, தன் மெஷினை வைத்து லொரெய்ன் வீட்டுப் பாதையிலும் பனி தள்ளிக் கொடுப்பவர்.

"உன்ன என் தம்பி மாதிரி நெனச்சேன், ரிக். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போட்டுக்கோன்னு சொல்லியிருப்பேனே!"

"நான் போடல, லொரெய்ன்."

"அப்ப அந்தப் பச்சை வானத்துலேருந்து கொட்டுச்சா? என் கட்டில் மேல விழுந்தத வந்து பாரு!"

ரிக் வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே எல்வின் காப்பிக் கோப்பையோடு —

(இங்கே நிறுத்துகிறேன். எல்வின் என்று யாரும் இல்லை. போன கோடையில் என் எழுத்தறைக்கு அடித்தது போக, இரண்டு டப்பாவை ரிக்குக்குக் கொடுத்தது நான். மிச்சத்தைத் தொட்டியில் போட்டதும் நான். ரிக்குக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால் முதலில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.)

5

முடிவுகள்.

அ. ரிக் என்னைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்.

ஆ. நானே போய்ச் சொல்கிறேன். லொரெய்ன் சிரித்து, "போடா மடையா" என்று காப்பி ஊற்றுகிறார். எனக்கு ரொம்ப வசதியான முடிவு. அடித்துவிட்டேன்.

இ. இது நான் எழுதியதல்ல, இந்த வியாழக்கிழமை நடந்தது. புதுக் கூரை போட்டு ஐந்து வாரம் ஆகிறது. முதல் பனி முழங்காலளவு விழுந்தது. ரிக்கின் மெஷின் தன் பாதையை முடித்து லொரெய்ன் வீட்டு எல்லையில் நின்றது, திரும்பிப் போனது. அறுபத்தெட்டு வயது லொரெய்ன் பனி வாரும் மண்வெட்டியோடு தனியாக இறங்கினார். இரண்டு வாரியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான்ப்பா மனுஷன்," என்றார் லொரெய்ன்.

நான் தலையைக் குனிந்து வாரிக்கொண்டே இருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. [இந்த இடத்தில் வாசகர் என்னைத் திட்டலாம்.]

6

அன்று சாயங்காலம் ரிக் வந்தார். உட்காரவில்லை.

"என்ன எழுதிட்டிருக்க?"

"ஒரு கதை."

"அதுல நான் இருக்கேனா?"

"இருக்க."

"நல்லவனாவா, கெட்டவனாவா?"

"நல்லவனாத்தான்."

"அது லொரெய்னுக்குத் தெரியுமா?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். இந்தத் தமிழ் எழுத்து ரிக், லொரெய்ன் இருவருக்குமே படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தானே இவ்வளவையும் எழுதினேன்.

"சனிக்கிழமை லொரெய்ன்கிட்டப் போ. எங்க பாஷையில படிச்சுக் காட்டு. நான் வாசல்ல நிக்கிறேன். என்னத்தான் உள்ள விட மாட்டாங்களே."

7

இன்று சனிக்கிழமை. ரிக் லொரெய்ன் வீட்டு வாசலில் பனியில் நின்றுகொண்டிருக்கிறார், குல்லாகூடப் போடவில்லை. அவர்கள் மொழியில் இரண்டு பிரதிகள் தயார் செய்திருக்கிறேன். ஒன்று இங்கே நீங்கள் படித்தது அப்படியே. இன்னொன்றில் நான்காம் பகுதியின் அடைப்புக்குறியும் அதற்குப் பின் வருவதும் கிடையாது. அதில் பெயிண்ட்டைப் போட்டவன் எல்வின், இரண்டு தெரு தள்ளி இருந்தவன், போன மாதம் ஊரை விட்டே போய்விட்டான். அதன்படி ரிக்மேல் பழி இல்லை, லொரெய்ன் அவரை உள்ளே கூப்பிடுவார், என்னையும் கூப்பிடுவார்.

எதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்த உங்களுக்கு நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும். நீங்களே சொல்லுங்கள்.