கிணற்றடிப் பெண்கள்

எங்கள் நாடகக் குழுவில் நான் பிராம்ப்டர். திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்து முழிப்பவர்களுக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற வேலை. எனக்குப் பிறவியிலேயே வாய் நீளம் என்பதால் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. எதிராளி வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்ல வந்ததை நான் சொல்லி முடித்திருப்பேன்.

குழுவை நடத்துகிறவர் மருந்துக்கடைக்காரர். கடைக்கு மேலே மருந்துப் பெட்டிகள் அடுக்கிய நீள அறையில்தான் ஒத்திகை. இருமல் மருந்துப் பெட்டிகள் அரண்மனைப் படிகளாக உழைத்தன. இந்த வருடம் மனிதருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பழங்காலக் கிரேக்க சோக நாடகத்தைப் பிடித்துத் தானே மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். எதிரி குடித்துவிடக் கூடாதென்று ஊர்க் கிணற்றை மூடச் சொல்லும் அரசன், கடைசியில் தன் மகனையே தாகத்துக்குப் பறிகொடுக்கிற கதை. தலைப்பு 'கிணற்றடிப் பெண்கள்'.

"ராஜா கதைக்கு எதுக்கு சார் பொம்பளைங்க பேரு?" என்று முதல் நாளே கேட்டார் தொண்டை.

தொண்டை என்றால் அரசனாக நடிக்கும் இன்சூரன்ஸ் அதிகாரி. அவர் ரகசியம் பேசினால் கீழே மாத்திரை வாங்க நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நல்ல மனிதர்தான். தன் குரல் மேல் கொள்ளை ஆசை, அவ்வளவுதான்.

"அப்போல்லாம் அப்படித்தாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "மேடையில கூட்டமா நின்னு பாடுறவங்க இருப்பாங்கல்ல, நிறைய நாடகத்துக்கு அவங்க பேரையேதான் வெச்சிருக்காங்க. ராஜா வருவான், கத்துவான், அழுவான், போயிடுவான். கூட்டம் கடைசி வரைக்கும் நிக்கும்."

எங்கள் கூட்டத்தில் எட்டுப் பெண்கள். அதில் ஒருத்தி என் அக்கா.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். கை வேலை அத்தனை சுத்தம். பேச்சுதான் திக்கும். அவள் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால், கேட்பவர்கள் எல்லோரும் திடீரென்று என் தொழிலுக்கு வந்துவிடுவார்கள். ஆளாளுக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். பாதி நேரம் தப்பான வார்த்தை. அவளும் விட்டுத் தொலை என்று அதற்கே தலையாட்டிவிடுவாள். அப்படித் தலையாட்டியே ஒரு தடவை வேண்டாத பச்சைக் கலர் புடவையை வாங்கி வந்தாள்.

உடைகள் தைக்கத்தான் அவளை ஒத்திகைக்கு இழுத்து வந்தேன். ஒருநாள் கூட்டத்தில் ஆள் குறைந்தது. "சும்மா நில்லுக்கா, வாயசைச்சாப் போதும்" என்று கொண்டுபோய் நிறுத்தினேன். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேன்காரம்மாதான் கூட்டத்துக்குத் தலைவி. அவர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தால் மற்றவர்களும் இழுப்பார்கள், ஒன்றாக ஆரம்பிப்பார்கள். அன்றும் ஆரம்பித்தார்கள். தைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு மனப்பாடமான வரிகளை அக்காவும் ஆரம்பித்தாள். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. கடைசி வரிவரைக்கும் கணீரென்று சொல்லி முடித்துவிட்டு, யார் பேசியது என்பதுபோல் தானே திரும்பிப் பார்த்தாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தால் பழைய கதைதான். ஆனாலும் அன்று நடந்துகொண்டே, திக்கித் திணறி, என்னிடம் ஒன்று சொன்னாள். "நா...நாப்பது வயசுல இப்பத்தான் என் கு...குரலைக் கேட்டேன்டி." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு ஒத்திகையைக்கூடத் தவறவிட்டதில்லை.

போஸ்டர் அச்சுக்குப் போகிற நேரத்தில் தொண்டை மறுபடி கிளம்பினார்.

"சார், 'கிணத்தடிப் பெண்கள்'னு போட்டா ஜனங்க குழாயடிச் சண்டைன்னு நெனச்சு ஒதுங்கிடுவாங்க. ராஜா பேரையே வைங்க. தலைப்பு மாறிட்டா அப்புறம் எதுக்கு எட்டு பேரு? கொட்டாவி வருது சார். ஒரே ஆள் போதும். கூட்டத்து வரியெல்லாம் என் மச்சினியே செய்தி வாசிக்கிற மாதிரி அழகா வாசிச்சிடுவா."

அரங்கம் கிடைத்ததே தொண்டையின் தயவில். மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு எல்லாரும் உக்காந்து பேசிடலாம்," என்றார். வழவழா கொழகொழா என்று அவர் பேச ஆரம்பித்தாலே முடிவு தொண்டை பக்கம்தான் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கு அந்தாளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன் பாரு," என்று குதித்தேன்.

"நீ பே...பேசாத," என்றாள் அக்கா. "நான் சொ...சொல்லிக்கறேன்."

"நீயா? உனக்கு எப்படிக்கா..." என்று ஆரம்பித்தவள், அவள் பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். தொண்டை ஒருமுறை முழங்கி ஓய்ந்தார். மருந்துக்கடைக்காரர், "வேற யாருக்காவது ஏதாவது..." என்று இழுத்தபோது அக்கா எழுந்தாள். தனியாக.

"கி..." என்றாள். நின்றுவிட்டது. "கி...கி..."

கழுத்து நரம்பு புடைத்தது. கை புடவைத் தலைப்பைத் திருகியது.

"கிளம்பணுமாம்மா? பரவால்ல, கிளம்புங்க," என்றார் தொண்டை, நல்ல எண்ணத்தோடுதான்.

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது, அதைத் துப்பினால் போதும். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவளும் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று பயந்தேன்.

அப்போது வேன்காரம்மா எழுந்து அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்தார்கள். அக்காவும் இழுத்தாள்.

"கிணற்றடிப் பெண்கள் நாங்கள்.
கயிறு தேய்த்த கைகள் எங்கள் கைகள்.
அரசன் குடிக்கும் தண்ணீரும்
எங்கள் இடுப்பில் ஏறித்தான் வருகிறது."

கீழே கடையில் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. அக்காவின் குரல் மற்ற ஏழு குரல்களுக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது, எனக்கு மட்டுமாவது.

பிறகு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா நிறுத்தவில்லை. தன் சொந்த வார்த்தையில், தன் வழக்கமான திக்கலோடு பேசினாள்.

"த...த...தலைப்பை வேணும்னா நீ...நீங்களே வெச்சுக்கோங்க சார். எ...எங்களை மட்டும்..."

அங்கே மாட்டிக்கொண்டாள். அந்த அறையில் வாயுள்ள எல்லோருக்கும் அடுத்த வார்த்தை தெரியும். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தொண்டைகூட வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"...பி...பிரிச்சிடாதீங்க," என்று முடித்தாள் அக்கா.

தொண்டை தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்களுக்கெல்லாம் ஆச்சரியமாக, தாழ்ந்த குரலில் சொன்னார். "தலைப்பும் உங்களோடதுதாம்மா. இருக்கட்டும். மச்சினிக்கும் பரீட்சை வருது."

போஸ்டர் வந்தது. மேலே 'கிணற்றடிப் பெண்கள்'. கீழே தலைப்பைவிடப் பெரிதாகத் தொண்டையின் படம், கிரீடத்தோடு. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மனுஷன் ஒரேயடியாக மாறியிருந்தால் பயந்திருப்பேன்.

பஸ் நிறுத்தத்துச் சுவரில் அதைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள். பசை இன்னும் காயவில்லை. வாய்விட்டுப் படிக்க ஆசைப்பட்டாள்.

"கி..." என்றாள். "கி..."

வழக்கம்போல் வார்த்தை என் வாய்க்குள் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன். நெஞ்சு நிறைய மூச்சிழுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் இழுத்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சேர்ந்து சொன்னோம்.